பி.பி.ஏ. படிப்புக்கு ஒரு வெண்டர் ஆடிட்

1. முதல் நாள்

ஓசூரில் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் எஸ்.க்யூ.ஏ. பிரிவில் இருக்கிறேன். சப்ளையர் குவாலிட்டி என்று விரித்துச் சொன்னாலும் வெளி ஆட்களுக்குப் புரியாது. எங்களுக்குப் பார்ட் செய்து தர விரும்பும் சின்னக் கம்பெனிகளை வெண்டர் என்போம். அந்த வெண்டரின் ஷெட்டுக்கே நேரில் போய், இவரை நம்பி ஆர்டர் கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. போனதும் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். திட்டுவதெல்லாம் நாம் கேட்டைத் தாண்டிய பிறகுதான். டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவன், இப்போது ரிட்டயர்மென்ட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள், “உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது மைக்ரோமீட்டர் கதை. நான் எழுதப் போவது வேறு. பிடிக்காதவர்கள் முதல் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம், அதில் வேலைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

என் முதல் ஆடிட்டுக்கு என்னை அழைத்துப் போனவர் எங்கள் மேனேஜர் நாகராஜ் சார். கன்னடக்காரர். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுவார், கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம். சிப்காட்டில், இரும்புத் தகட்டை அழுத்திப் பார்ட் செய்யும் ஒரு பிரஸ் ஷாப். முதலாளி எங்களை ஏ.சி. ரூமில் உட்கார வைத்து பாதாம் பால் கொடுத்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சர்ட்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

“முருகேசா, ரூம் பாக்கவா வந்தோம்? எந்திரி. பின்னாடி வழியா போலாம்.”

பின்னாடி வழி என்றால் நிஜமாகவே பின்னாடி வழிதான். எல்லாரும் கச்சாப் பொருள் இறங்கும் இடத்தில் தொடங்கி, மெஷின் மெஷினாகப் பார்த்து, கடைசியில் முடிந்த சரக்கு வெளியே போகும் டிஸ்பாட்ச்சுக்கு வருவார்கள். நாகராஜ் சார் டிஸ்பாட்ச்சில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பார். வெண்டர் காட்ட நினைத்த வரிசை அங்கேயே குலைந்துவிடும். அடுத்தது ரெட் பின். தேறாத பார்ட்டுகளைப் போட்டு வைக்கும் சிவப்புப் பெட்டி அது. அது காலியாக இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. தப்பே நடக்காத ஷெட் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது, ஆக நாம் வருகிறோம் என்று தெரிந்து பெட்டியைக் காலி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கே செய்த ஒரு பிராக்கெட்டில் கீறல் கீறலாக இருப்பதைக் கண்டுபிடித்து, ‘ரிஜெக்ட்’ என்று பெரிதாக எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். சார் பார்ட்டைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“டிராயிங் எல்லி?”

டிராயிங் எங்கே என்று கேட்கிறார். பார்ட்டின் அளவும் அது எங்கே பொருந்தும் என்பதும் அதில்தான் இருக்கும். நான் அதைப் பார்க்கவே இல்லை.

“இது சீட்டுக்கு உள்ள, பஞ்சுக்கு அடியில போற பார்ட்டு. கீறல் இருந்தா யாரு பாக்கப் போறா? ஓட்டை சரியான எடத்துல இருக்கணும், அவ்வளவுதான். பார்ட்டு எதுக்குன்னே தெரியாம அது நல்லதா கெட்டதான்னு நீ எப்பிடிப்பா சொல்லுவே?”

பிரஸ் ஷாப் முதலாளி வேறு பக்கம் பார்த்து நின்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அதற்குப் பிறகு டிராயிங்கைப் பார்க்காமல் நான் எந்த வெண்டரின் கேட்டையும் மிதித்ததில்லை. ஒரே ஒரு இடத்தில் மறந்தேன். இனி எழுதுவது அதைப் பற்றித்தான்.

2. வீட்டில் வந்த என்கொயரி

என் மகள் லாவண்யா போன வருடம் ப்ளஸ் டூ முடித்தாள், காமர்ஸ் குரூப். எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள். அவள் பத்தாவது படிக்கும்போது என் மனைவி சுஜாதா மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அதை விவரமாக எழுத எனக்கு இப்போதும் தெம்பு இல்லை.

சொல்ல வேண்டியது ஒன்று மட்டும் இருக்கிறது. நான் காவேரிப்பட்டினத்துக்காரன், வீட்டில் தமிழ். சுஜாதா பாகலூர் ரோட்டுப் பக்கம், பிறந்த வீட்டில் தெலுங்கு. ஓசூரில் இது பெரிய விஷயமே இல்லை, தெருவுக்கு நாலு வீடு இப்படி இருக்கும். எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்: அம்மாவும் மகளும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள், என்னிடம் தமிழில் பேசுவார்கள். அவர்கள் பேசுவது எனக்கு எல்லாமே புரியும். ஆனால் நான் பதிலுக்குத் தெலுங்கில் வாய் திறந்ததே இல்லை. ஒருமுறை முயற்சி செய்தபோது இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு விட்டுவிட்டேன். சமையலறையில் இரண்டு பேரும் தெலுங்கில் என்னைக் கிண்டல் செய்வார்கள், நான் ஹாலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சுஜாதா போன பிறகு வீட்டில் தெலுங்கு நின்றுபோனது. அதோடு பேச்சும் பாதிக்கு மேல் நின்றுபோனது. “சாப்பிட்டியா?” “ம்.” “பீஸ் கட்டணுமா?” “கட்டியாச்சு.” இதற்கு மேல் எங்களுக்குத் தெரியவில்லை. நான் மோசமான அப்பன் என்று யாரும் சொல்ல முடியாது. சமையல் கற்றுக்கொண்டேன், டியூஷனுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தேன், பரீட்சை நாட்களில் லீவு போட்டேன். பேச மட்டும் வரவில்லை. அவளுடைய பேச்சுக்கு ஆள் சுஜாதா, என்னுடைய பேச்சுக்கும் ஆள் சுஜாதாதான்.

ரிசல்ட் வந்த வாரம் ஒரு காலையில் இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே லாவண்யா சொன்னாள்.

“அப்பா, நான் பி.பி.ஏ. சேரலாம்னு இருக்கறன்.”

பெங்களூர்ப் பக்கம் எல்லை தாண்டி இருக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தைச் சொன்னாள், சேர்ந்தால் ஹாஸ்டல்தான். ஹைவேயில் போகும்போது போர்டு பார்த்திருக்கிறேன். போர்டே ஒரு வீடு அகலம் இருக்கும்.

“இங்கயே பி.காம். இருக்குது. வீட்லருந்தே போயிட்டு வரலாம். பி.பி.ஏ.ல என்ன இருக்குது?”

“அது பெரிய யுனிவர்சிட்டிப்பா.”

“பெருசா இருந்தா?”

அவள் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டையும் புல்தரையையும் பார்த்து மயங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன். “பாக்கலாம்” என்றேன். எங்கள் தொழிலில் ‘பாக்கலாம்’ என்றால் ஆடிட் என்று அர்த்தம்.

3. ரெட் பின்னைத் தேடி

முதலில் கேன்டீனில் ஆரம்பித்தேன். எச்.ஆர். கீதா மேடத்திடம் கேட்டேன். ஆள் எடுப்பது அவர்தான்.

“பி.பி.ஏ. ரெஸ்யூம் நிறைய வருது சார். டிகிரி இருந்தா உள்ள கூப்பிட்டு உக்கார வெப்போம். வேலை குடுக்கறது ஆளப் பாத்துதான். பேசத் தெரிஞ்சவங்க, சொன்னதப் புரிஞ்சிக்கறவங்க தேறிடுவாங்க. அதே காலேஜ், அதே கிளாஸ், ஒருத்தர் தேறுவாங்க, ஒருத்தர் வாயே தெறக்க மாட்டாங்க.”

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆளைப் பார்த்து என்பதெல்லாம் ஒரு பதிலா? எனக்கு வேண்டியது ரெட் பின். அந்தப் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. முடித்து, வேலை கிடைக்காமல் வெளியே வந்த ஒரு பையனையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் ஸ்டோர்ஸில் விசாரித்ததில், குருபரப்பள்ளியில் லாரி தார்ப்பாய், கயிறு விற்கும் கடைக்காரர் மகன் அங்கே படித்துவிட்டு இப்போது கடையிலேயே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முறை கிருஷ்ணகிரி வெண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கடையில் இறங்கினேன்.

பையன் பெயர் இம்ரான். போனில் ஒரு டிரைவரோடு கன்னடத்தில் பேசி முடித்து, இன்னொருவரோடு இந்தியில் பேசி முடித்து, என் பக்கம் திரும்பினான். நான் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு டீ சொன்னான்.

“அங்க கிளாஸ் எல்லாம் எப்பிடிப்பா?”

“சில பேரு சூப்பரா எடுப்பாங்க சார். சில பேரு ஸ்லைடப் போட்டு, அத அப்பிடியே படிச்சிட்டுப் போயிடுவாங்க. கேள்வி கேட்டா நல்லா சொல்லிக் குடுப்பாங்க. நாம கேக்கணும். ரொம்பப் பெரிய எடம், பின்னாடி பெஞ்சில மூணு வருசமும் தூங்கினாலும் யாரும் கண்டுக்க மாட்டாங்க.”

“வேலை?”

“வந்துச்சு சார். சேல்ஸ்ல ஒண்ணு. டார்கெட்டு டார்கெட்டுன்னு உசுர வாங்குனாங்க. விட்டுட்டு வந்துட்டன். எங்க அத்தாவுக்கும் மூட்டு வலி, கடைக்கு ஆள் வேணும்.”

“அப்ப படிச்சது வேஸ்ட்டுதான?”

அவன் சிரித்துவிட்டான். “நீங்க என்னைய வேஸ்ட்டுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் வந்தீங்களா சார்?”

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்:

“கணக்கு வழக்கெல்லாம் எங்க அத்தாவுக்கு எனக்கு முன்னாடியே தெரியும். அதுக்கு பி.பி.ஏ. வேணாம். ஆனா ஒண்ணு சார், அங்க இருந்த வரைக்கும் நான் ஒரு வேள கூட தனியா சாப்பிட்டதில்ல. கேரளா, ஆந்திரா, பீகாரு, எல்லா ஊரு பசங்களும் ஒரே டேபிள்ல. இப்ப பாருங்க, அத்தா மதியம் லுஹர் தொழுகைக்குப் போயிடுவாரு, நான் இந்த தார்ப்பாய் மேல உக்காந்து தனியா சாப்பிடறன்.”

டீ நன்றாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பைக்கில் வரும்போது மனதுக்குள் அறிக்கை தயாரித்தேன்: வகுப்பு சுமார், பிளேஸ்மென்ட் சேல்ஸ் வேலைதான், கூட்டம் அதிகம், தனிக் கவனம் இல்லை. அவன் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். ஆடிட்டுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று நினைத்தேன்.

4. எல்லைக்கு அந்தப் பக்கம்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு சனிக்கிழமை, பெற்றோர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். கர்நாடகா பஸ் பிடித்துப் போனோம். அத்திப்பள்ளி தாண்டும் வரை லாவண்யா ஜன்னல் பக்கம் திரும்பி, காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். நான் என் கேள்விகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன்.

வாசலில் கொடி, பலூன், ஆளுக்கொரு பை, பைக்குள் தண்ணீர் பாட்டில். பளபளவென்று ஒரு அரங்கத்தில் பேச்சு. எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். நான் லாவண்யாவின் கையைப் பிடித்து, “நாம பின்னாடி வழியா போலாம்” என்றேன்.

“பின்னாடி என்னாப்பா இருக்குது?”

“பிளேஸ்மென்ட் ஆபீஸ்.”

அங்கே ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தார். பெங்களூர்ப் பெண், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. நான் மடக்கிவிடலாம் என்று நினைத்துப் போனேன். அவர் மடங்குகிற ஆளாக இல்லை.

“எல்லாருக்கும் வேலை கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன் சார். வர்ற கம்பெனியோட இன்டர்வியூல உக்காந்தாதானே கெடைக்கும்? கொஞ்ச பேர் எம்.பி.ஏ. போறாங்க. கொஞ்ச பேர் வீட்டு பிசினஸ்.”

“வேலை கெடைக்காதவங்க அப்பறம் என்னா ஆனாங்கன்னு பாக்கறீங்களா?”

“போன் பண்றோம் சார். எடுக்கறவங்களப் பத்தி மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.”

ரெட் பின்னை மறைக்காத வெண்டர். இவருக்கு நான் மனதுக்குள் ஒரு நல்ல மார்க் போட்டேன், போடாமல் இருக்க முடியாது. அவர் லாவண்யாவைப் பார்த்து, “உனக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?” என்றார். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அப்புறம் வகுப்பறை, லேப், லைப்ரரி, ஹாஸ்டல் என்று பின்னோக்கி நடந்தோம். கல்யாண மண்டபம் மாதிரி வகுப்பறை, பின் வரிசையிலிருந்து பார்த்தால் போர்டு எழுத்து தெரியாது. லைப்ரரி நன்றாக இருந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சந்தை இரைச்சல். ஹாஸ்டல் பிள்ளைகள் லீவு நாளிலும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஐந்தாறு மொழியில் கத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டம், இரைச்சல் என்று மைனஸில் குறித்துக்கொண்டேன். லாவண்யாவை ஜூஸ் வாங்க வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, மெஸ் பொறுப்பாளரிடம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கப் போனேன்.

அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு தெலுங்குப் பேச்சு, படபடவென்று, நடுநடுவே மூச்சு வாங்குகிற மாதிரி. அது சுஜாதாவின் குரல். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி நான் அவளைத் தேடித்தான் திரும்பினேன்.

லாவண்யா நின்றிருந்தாள். வரிசையில் அவளுக்கு முன்னால், ஆந்திராவில் குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு பெண். இரண்டு பேரும் அந்த ஜூஸின் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லாவண்யா கையை வீசி வீசிப் பேசினாள். அவள் கையை வீசிப் பேசுவாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். நான் பக்கத்தில் போனதும் கை கீழே இறங்கியது.

“ஜூஸ் வேணுமாப்பா?” என்று தமிழில் கேட்டாள். முகம் பழையபடி வீட்டு முகமாகிவிட்டது.

5. அறிக்கை

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் தீர்ப்பைச் சொன்னேன். எங்களிடம் மூன்று தீர்ப்புகள்தான்: அப்ரூவ்ட், கண்டிஷனல், ரிஜெக்ட்.

“ரிஜெக்ட்தான் பாப்பா. ஆளுங்க நேர்மையா பேசறாங்க, அத ஒத்துக்கறன். ஆனா இவ்வளவு கூட்டத்துல உன்ன யாரு கவனிப்பாங்க? வேலைக்கும் உத்தரவாதமில்ல. இங்கயே பி.காம். சேந்துக்கோ. வீட்லருந்தே போயிட்டு வரலாம்.”

“சரிப்பா.”

அந்த ‘சரி’ எனக்குத் தெரிந்த சரி. ஷெட்டை மூடுவது என்று முடிவு பண்ணிவிட்ட வெண்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எதிர்த்துப் பேசுகிற வெண்டருக்கு இன்னும் வேலையில் ஆசை இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவரை நாம் இழந்துவிட்டோம். அவள் இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதன் ஒயர் போனில் சொருகாமல் மடியில் கிடந்தது. பாட்டே கேட்கவில்லை, சும்மா மாட்டியிருந்தாள். இந்தப் பிள்ளை எத்தனை நாளாக இப்படிச் சும்மா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ.

எல்லையில் வண்டிகள் நீளமாக நின்றிருந்தன. பஸ் நகரவில்லை. அப்போதுதான் நாகராஜ் சார் காதுக்குள் கேட்டார்: டிராயிங் எல்லி?

வகுப்பைப் பார்த்தேன், மெஸ்ஸைப் பார்த்தேன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுகூடக் கேட்டேன். குருபரப்பள்ளி வரை போய் யார் மகனையோ கேட்டேன். என் மகளுக்கு அது எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை. முதல் நாள் பிரஸ் ஷாப்பில் செய்த அதே முட்டாள்தனத்தை, தலை நரைத்த பிறகு, சொந்தப் பிள்ளை விஷயத்தில் செய்துவிட்டேன்.

அவள் காதிலிருந்து ஒரு இயர்போனை எடுத்தேன். திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“பாப்பா, உனக்கு எதுக்கு அந்த எடம்? நான் திட்ட மாட்டன். சொல்லு.”

முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிறகு, இத்தனை வருடமும் என்னிடம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினாள்.

“படிப்பு எனக்குப் பிடிக்கும்ப்பா, மார்க்கெட்டிங் எல்லாம் பிடிக்கும். படிச்சிடுவன். வேலையும் நானே தேடிக்குவன், அதுக்கு நீங்க பயப்பட வேணாம். ஆனா அதுக்காகன்னா பி.காமே போதும். எனக்கு ஆளுங்க வேணும்ப்பா. நெறைய ஆளுங்க. ஸ்கூல்லருந்து வந்தா உங்க பைக் சத்தம் கேக்கற வரைக்கும் நான் வாயத் தெறக்கறதில்ல. நீங்க வந்தப்பறமும் தெறக்கறதில்ல. அம்மா போனதுக்கப்பறம் நம்ம வீட்ல தெலுங்கு பேசறதுக்கு ஆளே இல்ல. சில வார்த்தையெல்லாம் எனக்கே மறந்துபோவுது. சிங்க்குகிட்ட நின்னு தனியா பேசிப் பாத்துக்கறன். இன்னைக்கி அந்தப் பொண்ணுகிட்ட பேசினப்ப…” என்று நிறுத்தினாள். “நான் போயிட்டா நீங்க தனியா இருப்பீங்க. அதனாலதான் சொல்லல.”

பஸ்ஸில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. கண்டக்டர் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே லாரிகளைப் பார்த்தேன். அழக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

கூட்டம், இரைச்சல் என்று நான் எதையெல்லாம் மைனஸில் குறித்தேனோ, அதற்காகத்தான் அவள் அந்த இடத்தைக் கேட்டிருக்கிறாள். இம்ரான் சொன்ன சாப்பாட்டுப் பேச்சை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை என்றேனே, அதுதான் தலைப்பே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘வீட்லருந்தே போயிட்டு வரலாம்’ என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னது படிப்பைப் பற்றி அல்ல. அவள் பேசாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்த அறையில் லைட் எரிந்தால் போதும் என்று இருந்தேன். அந்த லைட்டை அணைக்க எனக்குப் பயம்.

“அப்ரூவ்ட்” என்றேன்.

“கண்டிஷன் எதாவது?”

“கண்டிஷன் ஒண்ணும் இல்ல. அந்த ஜூஸ மட்டும் குடிக்காத.”

அவள் சிரித்தாள். வண்டிகள் நகர ஆரம்பித்தன.

6. பிறகு

அந்த பி.பி.ஏ. பிரயோஜனமான படிப்புதானா என்று இன்றைக்கும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். அங்கே நேரில் போய் விசாரித்தவன் என்ற பெயர் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. நேற்றுகூட பெயின்ட் ஷாப் சூப்பர்வைசர் கேட்டார், “ஏங்க முருகேசன், என் பையன அங்க சேக்கலாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று. ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. பையனுக்கு அது எதற்கு என்று அவனிடம் கேட்டீர்களா என்றேன். நான் பேச்சை மாற்றுவதாக அவர் நினைத்துக்கொண்டார். உடனே சம்பளம் வேண்டும் என்கிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படிப்பை நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளை அங்கே தொலைந்துபோகும் என்பதும் உண்மை. லாவண்யாவின் வகுப்பிலும் ஸ்லைடைப் படித்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறாராம். அவர் மாதிரியே படித்துக் காட்டுகிறாள், சிரிப்பு வருகிறது. வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பது இனிமேல்தான் தெரியும்.

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பின்னாடி வழியாகப் போங்கள், ரெட் பின்னைத் திறந்து பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் டிராயிங்கைக் கேளுங்கள். அது எப்போதும் பேப்பரில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கும், நாம் கேட்கும் வரை வாய் திறக்காது.

என் விஷயத்துக்கு வருகிறேன். அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த அன்று மாலை பூட்டைத் திறந்து உள்ளே போனால், காலையில் அவள் குடித்த டம்ளர் சிங்க்கில் கிடந்தது. அதைக் கழுவி வைக்க இரண்டு நாள் ஆனது. இப்போதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்ததும் இரண்டு அறையிலும் லைட் போட்டுவிடுகிறேன். கரன்ட் பில் கூடுகிறது, கூடட்டும். ஒருவனுக்கு மட்டும் அரிசி அளந்து போட எனக்கு இன்னும் வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. மெஷின் சத்தத்திலேயே வாழ்ந்தவனுக்கு வீட்டின் அமைதி பழகும் என்றார்கள். பழகவில்லை.

ஆரம்பத்தில் தினமும் சாயங்காலம் போன் செய்து, “சாப்பிட்டியா?” என்பேன். “ம்” என்பாள். அவளுக்குப் பின்னால் மெஸ் இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் சமையலறையில் நின்று, சுஜாதா கேட்பாளே அந்த மாதிரி, இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உச்சரிப்பு எனக்கே சகிக்கவில்லை. இருந்தாலும் போன் போட்டேன்.

“அன்னம் தின்ட்டிவா?”

சாப்பிட்டாயா என்றுதான் கேட்டேன். அவள் எங்கோ தள்ளிப் போயிருக்க வேண்டும், மெஸ் இரைச்சல் குறைந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரு சிரிப்பு. முன்பு சமையலறையில் இரண்டு பேராகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

“தின்ட்டினி” என்றாள். “நுவ்வு தின்ட்டிவா?”

நான் சாப்பிட்டுவிட்டேன், நீ சாப்பிட்டாயா என்கிறாள். சாப்பிடவில்லை என்பதைத் தெலுங்கில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளையே கேட்டேன். அவள் சொல்லிக் கொடுக்க, நான் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொல்ல, அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடிக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.